புலியா, சிறுத்தையா, நாயா? மண்டை ஓட்டை அளந்து கண்டுபிடிக்கிறது பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஃபாரஸ்ட் கார்டு, வாட்சர், ரேஞ்சர் இவங்களுக்கு நடக்குற டிரெய்னிங்ல எலும்பு டேபிள் பக்கத்துல நின்னு "அதை கீழ போட்ராதீங்க சார்"னு கத்துற ஆளு நான். சாப்பாட்டு இடைவேளைல ஒரே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வரும், அதனால ஒரேடியா எழுதிப் போட்டுறலாம்னு உக்காந்தேன். பெரும்பாலும் இந்தியா விஷயம்தான், தேவைப்பட்ட எடத்துல வெளிநாடும் வரும்.

மண்டை ஓடு கெடைச்சா டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டா போச்சு, இதுல அளக்க என்ன இருக்கு?

அனுப்பணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. டேராடூன்ல வைல்டுலைஃப் இன்ஸ்டிட்யூட் இருக்கு, ஹைதராபாத்ல சிசிஎம்பிங்கிற உயிரியல் ஆராய்ச்சி மையத்தோட லேகோன்ஸ் ஆய்வகம் இருக்கு, நம்ம வண்டலூர்லயே உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கு. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பைல சாக்குத் துணி சுத்துன மண்டையோட ஒருத்தன் மாட்டுறான், அவன் "இது நாய் மண்டை சார், மந்திரவாதிக்குக் குடுக்க எடுத்துட்டுப் போறேன்"ங்கிறான், அப்ப அந்த நிமிஷம் அவனை விடுறதா புடிச்சு வெக்கிறதான்னு முடிவு பண்ண ரேஞ்சர் கைல என்ன இருக்கு? லேப் ரிப்போர்ட் அன்னைக்கு ராத்திரி வராது. கண்ணும் ஒரு காலிபரும்தான் (ரெண்டு முனைக்கு நடுவுல வெச்சு நீளம் அளக்குற கருவி) இருக்கும்.

இன்னொண்ணு, வேட்டைக்காரங்க மண்டையை வேக வெப்பாங்க, சுண்ணாம்பு போடுவாங்க, பிளீச் போடுவாங்க, வருஷக்கணக்கா வெயில்ல கெடந்திருக்கும். இதெல்லாம் நடந்தா டிஎன்ஏ செதைஞ்சு போயிரும். வடிவமும் அளவும் அவ்ளோ சுலபமா போகாது.

முதல்ல பூனைக் குடும்பம்தானான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

பல்லை எண்ணுங்க, அவ்ளோதான். கீழ்த்தாடைல ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கங்க, கோரைப்பல்லுக்குப் பின்னாடி எத்தனை பல்லு (இல்ல பல்லு விழுந்த குழி) இருக்குன்னு பாருங்க. மூணு இருந்தா பூனை. நாலு இருந்தா கழுதைப்புலி. ஏழு இருந்தா நாய், நரி, ஓநாய் பக்கம் (செந்நாய்க்கு மட்டும் ஆறுதான், அது கடைசிப் பல்லைத் தொலைச்ச ஜாதி).

மொத்தமா சொன்னா பூனைங்களுக்கு 30 பல்லு, நாய்க்கு 42, வரிக் கழுதைப்புலிக்கு 34. கரடிக்கு பொதுவா 42, நம்ம ஊர் கரடிக்கு மட்டும் 40, மேல் வரிசை நடுவுல ரெண்டு முன்பல்லு இருக்காது, கரையானை உறிஞ்சித் திங்கிறதுக்கு அந்த ஓட்டை. பூனைக் குடும்பத்துலயே லின்க்ஸ், பல்லாஸ் பூனை ரெண்டுக்கும் மட்டும் மேல ஒரு சின்னப் பல்லு கெடையாது, அதனால 28.

ஒரு வகுப்புல ஒரு வாட்சர் அண்ணன் "சிறுத்தைக் குட்டி மண்டை, நானே காட்டுல எடுத்தது"ன்னு பெருமையா கொண்டு வந்து வெச்சாரு. மூஞ்சி நீளமா இருந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல, தாடையைத் திருப்பிக் குடுத்து எண்ணச் சொன்னேன். அஞ்சு வரைக்கும் சத்தமா எண்ணுனாரு, ஆறுல கொரல் கொறைஞ்சுது, ஏழுல நாயின்னு அவரே சொல்லிட்டாரு.

சரி பூனைதான். அடுத்து நீளத்தை அளந்தா இனம் தெரிஞ்சுரும்ல?

எல்லாரும் விழற குழி இதான். நீளம் ஒரு தோராயம் குடுக்கும், அவ்ளோதான். வளந்த வங்கப் புலி ஆணோட மண்டை 33 செ.மீ.க்கு மேல போகும், பொட்டைன்னா 28, 30 பக்கம் இருக்கும், சிறுத்தை மண்டை பொதுவா 25-க்குள்ள அடங்கிரும். கேக்க சுத்தமா பிரிஞ்சு நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா பெரிய ஆண் சிறுத்தை ஒண்ணு, சுமத்ராவுல இருக்குற சின்ன ஜாதிப் புலியோட பொட்டை ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வெச்சா நீளம் கிட்டக் கிட்ட வந்துரும். நம்ம ஊர்ப் புலியே ஒரு வயசுக் குட்டின்னா மண்டை சிறுத்தை சைஸ்லதான் இருக்கும். அப்ப நீளத்தை மட்டும் எழுதிக்கிட்டு கோர்ட்ல போய் நின்னா எதிர்க்கட்சி வக்கீல் அஞ்சு நிமிஷத்துல கிழிச்சுருவாரு.

நான் எப்பவும் சொல்றது, எலும்பு வளரும், பல்லு வளராது. மேல் தாடைல கடைசிக்குக் கிட்ட ஒரு பெரிய பல்லு, கத்தி மாதிரி, கறியை வெட்டுறதுக்குன்னே இருக்கும், நாங்க கத்திரிப் பல்லும்போம். பால் பல்லு விழுந்து நிலையான பல்லா அது வெளிய வந்தப்ப என்ன நீளமோ சாகுற வரைக்கும் அதே நீளம்தான், தேய்மானம் கொஞ்சம் இருக்கும், அவ்ளோதான். சிறுத்தைக்கு அது 25 மி.மீ. சுத்தி இருக்கும். புலிக்கு 30-ஐத் தாண்டும், பெரும்பாலும் 33, 35ன்னு வரும். மண்டை சின்னதா இருந்து இந்தப் பல்லு மட்டும் 34 காட்டுச்சுன்னா உங்க கைல இருக்குறது சின்னப் புலி, பெரிய சிறுத்தை இல்ல.

வயசு எப்படி பாப்பீங்க?

மண்டைக்கு அடில, முதுகெலும்பு சேர்ற எடத்துக்கு முன்னாடி குறுக்க ஒரு தையல் கோடு இருக்கும், அது மூடியிருந்தா வளந்த மிருகம். உச்சில ஓடுற முகடு ஆணுக்கு, அதுவும் வயசான ஆணுக்கு, நல்லா தூக்கி நிக்கும். குட்டின்னா பால் பல்லு, மொத்தம் 26தான். பால் கத்திரிப் பல்லும் ஒண்ணு உண்டு, சின்னது, அதை நிலையான பல்லுன்னு நெனச்சு அளந்தீங்கன்னா புலிக்குட்டி சிறுத்தையாயிரும், ஜாக்கிரதை.

என்னென்ன அளவு எடுக்கணும்? எதை வெச்சு?

வெர்னியர் காலிபர், டிஜிட்டலா இருந்தா நல்லது, பெரிய மண்டைக்கு அது முழுசா அடங்குற பெரிய காலிபர் வேணும், சின்னதை வெச்சுக்கிட்டு அட்ஜஸ்ட் பண்ணாதீங்க. டெய்லர் டேப் வேணவே வேணாம், அது வளைவோட போகும், நமக்கு வேணுங்கிறது நேர்கோடு.

மொத்த நீளம்னா மேல் தாடையோட முன் நுனிலேந்து பின்மண்டை முகட்டோட கடைசி வரைக்கும். இன்னொரு நீளம் அதே முன் நுனிலேந்து பின்னாடி கழுத்தெலும்பு மாட்டுற ரெண்டு குமிழ் வரைக்கும், முகடு ஒடஞ்சு போன மண்டைக்கு இதுதான் கை குடுக்கும். அப்புறம் கன்ன எலும்பு வளைவோட அகலம், ரெண்டு கண்குழிக்கும் நடுவுல இடைவெளி, கண்ணுக்குப் பின்னாடி மண்டை ஒடுங்குற எடம், கோரைப்பல்லோட அடி விட்டம், கத்திரிப் பல்லு நீளம், கீழ்த்தாடை நீளம்.

ஒவ்வொண்ணையும் மூணு தடவை எடுங்க, காலிபரை மூடி மூடித் திறந்து. மூணும் ஒரே நம்பரா வந்துச்சுன்னா எனக்கு சந்தேகம் வரும், யாரோ ஒரு தடவை அளந்துட்டு மூணு கட்டத்துலயும் எழுதியிருக்காங்க. எலும்பு ஈரமா இருக்குறப்ப அளந்ததுக்கும் காஞ்சப்புறம் அளந்ததுக்கும் சின்ன வித்தியாசம் வரும், காஞ்சா சுருங்கும், அதனால எந்த நெலமைல அளந்தீங்கன்னு பக்கத்துலயே எழுதிருங்க.

தனித்தனி நம்பரை வெச்சு என்ன பண்றது?

ஒண்ணோட ஒண்ணை வகுத்துப் பாக்கணும், விகிதம்தான் பேசும். பனிச்சிறுத்தையை எடுத்துக்கங்க, நீளத்தை மட்டும் பாத்தா பொட்டைச் சிறுத்தை மாதிரி இருக்கும், ஆனா மூஞ்சி குட்டை, நெத்தி மேடு, மூக்கு ஓட்டை அகலம், குளிர் காத்தை இழுத்து சூடாக்கணும்ல. வடகிழக்குல இருக்குற படைச்சிறுத்தைக்கு மண்டை சின்னது, ஆனா மேல் கோரைப்பல்லு 4 செ.மீ. பக்கம் போகும், மண்டை சைஸோட வெச்சுப் பாத்தா இன்னைக்கு உசுரோட இருக்குற பூனைங்கள்லயே அதுக்குத்தான் நீளமான கோரைப்பல்லு. சிவிங்கிக்கு, அதான் சீட்டாவுக்கு, நேர் எதிர், கோரைப்பல்லு சின்னது, அதுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல இடைவெளியே இல்லாத மாதிரி இருக்கும். (சிவிங்கியும் சிறுத்தையும் ஒண்ணில்லீங்க. 2022 செப்டம்பர்ல குனோவுக்கு வந்தது சிவிங்கி, வால்பாறைல தெருவுல நடக்குறது சிறுத்தை. டிவிக்காரங்க இதை என்னைக்குத்தான் சரியா சொல்லுவாங்களோ.)

இனம் தெரிஞ்ச மியூசியம் மண்டைங்க நூத்துக்கணக்குல அளந்து, எந்த அளவுங்க சேந்தா எந்த இனம் தனியா பிரியுதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு சமன்பாடு எடுப்பாங்க, புது மண்டையோட நம்பரை அதுல போட்டா இந்த இனமா இருக்க இத்தனை வாய்ப்புன்னு வரும். வாய்ப்புதான், ஆண்டவன் வாக்கு இல்ல. அந்த மியூசியம் தொகுப்புல எந்த ஊர் மிருகம் இருந்துச்சுங்கிறது ரொம்ப முக்கியம், அரேபியச் சிறுத்தை சின்னது, இலங்கைச் சிறுத்தை நல்ல பெருசு, ஒரு ஊர் அளவை வெச்சு இன்னொரு ஊர் மண்டையை முடிவு பண்ணக் கூடாது.

சிங்கத்தையும் புலியையும் பிரிக்க முடியுமா? ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கே.

முடியும், எனக்குப் புடிச்ச பாடமே இதுதான். இங்க காலிபரைக் கீழ வெச்சுருங்க, டேபிள் போதும். கீழ்த்தாடையை சமமான டேபிள் மேல வெச்சு முன்னாடி ஒரு விரலால லேசா அமுக்குங்க. சிங்கத்தோட தாடை அடிப்பக்கம் வெளிய வளைஞ்சிருக்கும், தொட்டில் மாதிரி ஆடும். புலித் தாடை ஆடாது, பலகை மாதிரி உக்காந்துரும். முதல் தடவை இரும்பு டேபிள் மேல சிங்கத் தாடை டக் டக்குன்னு ஆடுன சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அப்பப்ப விதிவிலக்கு வரும், அதனால ரெண்டாவது சாட்சி வேணும்: மூஞ்சி மேல மூக்கெலும்பு பின்னாடி எங்க முடியுதுன்னு பாருங்க. புலிக்கு அது ரெண்டு பக்கத்துத் தாடை எலும்போட நுனியைத் தாண்டி நெத்திக்குள்ள போயிருக்கும். சிங்கத்துக்குத் தாண்டாது, சமமாவோ கொஞ்சம் முன்னாடியோ நின்னுரும்.

இது ஏன் பெரிய விஷயம்னா, தென்னாப்பிரிக்காவுல பண்ணைல வளத்த சிங்கத்தோட எலும்பை சட்டப்படியே ஏத்துமதி பண்ணாங்க, 2017-ல 800 எலும்புக்கூடுன்னு ஒதுக்கீடு. அடுத்த வருஷம் அதை 1500 ஆக்குனாங்க, எதிர்ப்பு வந்து திரும்பவும் கொறைச்சாங்க, 2019-ல அந்த ஒதுக்கீடே செல்லாதுன்னு அங்க கோர்ட் சொல்லிருச்சு. போன எடம் பெரும்பாலும் லாவோஸ், வியட்நாம். அங்க போய்ச் சேந்ததும் அது புலி எலும்பாயிரும், விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான், வாங்குறவனுக்கு எப்படித் தெரியும். தலைகீழாவும் நடக்கலாம், புலி எலும்பை சிங்கம்னு பேப்பர் போட்டு அனுப்பலாம். மண்டை இல்லாம போன எலும்புக்கூடுங்களும் உண்டு. மண்டை இல்லேன்னா தொடையெலும்பை வெச்சுக்கிட்டு சிங்கமா புலியான்னு சொல்றது பெரும்பாடு.

கூண்டுல வளந்த சிங்கம், புலிக்கு மண்டை வடிவமே மாறிரும், அகலமா குட்டையா போயிரும், காட்டு மிருகம் மாதிரி இழுத்துக் கிழிச்சுத் திங்கிற வேலை இல்லாததும் ஒரு காரணம்னு சொல்றாங்க. பண்ணை மிருகமா காட்டு மிருகமாங்கிற சந்தேகத்துக்கு இதுவும் ஒரு துப்பு.

தமிழ்நாட்டுல, இலங்கைல என்னென்ன பூனை மண்டை கெடைக்கும்?

இந்தியாவுல காட்டுல வாழுற பூனைக் குடும்ப இனம் மொத்தம் 15, சிவிங்கியை சேக்காம. தமிழ்நாட்டுல பெருசுன்னா புலி, சிறுத்தை. சின்னதுல காட்டுப்பூனை, சிறுத்தைப்பூனை, துரும்பன் பூனை. இலங்கைல நாலுதான், சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை. அங்க காட்டுல புலி கெடையாது, அதனால யாழ்ப்பாணத்துலயோ மட்டக்களப்புலயோ ஒருத்தர் 20 செ.மீ. பூனை மண்டை காட்டுனா அது சிறுத்தைதான்னு அடிச்சுச் சொல்லலாம், வெளிநாட்டுலேந்து வந்ததா இல்லாத வரைக்கும்.

வீட்டுப் பூனையையும் காட்டுப்பூனையையும்?

நம்ம காட்டுப்பூனை வீட்டுப் பூனையை விடப் பெருசு, வீட்டுப் பூனை மண்டை 10 செ.மீ.யைத் தாண்டுறது அபூர்வம், அது தாண்டிப் போகும், பல்லும் தடிமனா இருக்கும். சின்ன பொட்டையா இருந்தா கஷ்டம்தான், லேபுக்குத்தான் போகணும்.

ஐரோப்பாவுல இதே தலைவலி இன்னும் மோசம், அங்க காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் கலந்து குட்டி போடுது. அவங்க ஒரு வழி வெச்சிருக்காங்க, மண்டையோட நீளத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, மூளை இருந்த குழியோட கொள்ளளவால வகுப்பாங்க, 2.75-க்கு மேல வந்தா வீடு, கீழ வந்தா காடு. வீட்டுல ஒக்காந்து தின்னு தின்னு பூனைக்கு மூளை சுருங்கிருச்சு, அதான் கணக்கு. கொள்ளளவு எப்படி எடுக்குறதுன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க, ஓட்டைங்களைப் பஞ்சு வெச்சு அடைச்சு, உள்ள கடுகு மாதிரி சின்ன மணிங்களைக் கொட்டி, தட்டித் தட்டி நெரப்பி, திருப்பி அளவு ஜாடில ஊத்துவாங்க. நான் ஒரு தெருப்பூனை மண்டைல கடுகு போட்டுப் பாத்திருக்கேன், மூக்கு வழியா ஒழுகி வீடெல்லாம் கடுகு, அம்மாகிட்ட வாங்குன திட்டு தனிக்கதை.

ஒரு மூட்டை எலும்பு புடிச்சா எத்தனை மிருகம்னு எப்படி சொல்றது?

மண்டை முழுசா இருந்தா ஒரு மண்டை ஒரு மிருகம். பூனைங்களோட கீழ்த்தாடை ரெண்டு பாதியும் வேக வெச்சா கழண்டு வந்துரும், அப்ப இடது பாதியை மட்டும் தனியா எண்ணுங்க, வலதைத் தனியா எண்ணுங்க, எது அதிகமோ கொறைஞ்சது அத்தனை மிருகம் செத்திருக்கு.

நகத்துலயும் இதே கணக்குதான். 2000 ஜனவரில உத்தரப் பிரதேசத்துல காகான்னு ஒரு ஊர்ல புடிச்சாங்க, 70 சிறுத்தைத் தோல், 4 புலித் தோல், கூடவே 18,080 சிறுத்தை நகம். பூனைக்கு முன்னங்கால்ல அஞ்சஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு, ஆக 18. வகுத்துப் பாத்தா ஆயிரம் சிறுத்தைக்கு மேல. தோலை மட்டும் எண்ணியிருந்தா எழுபதுன்னு எழுதிட்டுப் போயிருப்போம். அஞ்சு வருஷம் கழிச்சு ராஜஸ்தான்ல சரிஸ்கா புலிகள் காப்பகத்துல ஒரு புலி கூட மிச்சமில்லன்னு தெரிய வந்து நாடே அலறுச்சு, வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு அதுக்கப்புறம் 2007-லதான் வந்துச்சு.

டூப்ளிகேட் மண்டை, பல்லு எல்லாம் வருதே?

நிறைய வருது. ரெசின் மண்டைன்னா மூக்கு ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, நெஜத்துல உள்ள காகிதம் மாதிரி மெல்லிசா எலும்புச் சுருள் சுத்திச் சுத்தி இருக்கும், ரெசின்ல பெரும்பாலும் அடைஞ்சு கெடக்கும். தையல் கோடு நெஜத்துல பிளவு, டூப்ளிகேட்டுல வெறும் கோடு. புலிப்பல்லுன்னு விக்கிறதுல பாதி பன்னிப்பல்லு, நாய்ப்பல்லு, பிளாஸ்டிக். பூனைக் கோரைப்பல்லுல மேலேந்து கீழ நீளவாக்குல மெல்லிசா பள்ளக் கோடு ஓடும், கரடிப் பல்லுல அது கெடையாது. நரிக்கொம்பு ஞாபகம் இருக்குல்ல, நரிக்குக் கொம்பே கெடையாது, அதையே காசு குடுத்து வாங்குன ஊரு நம்மது, புலிப்பல்லு எம்மாத்திரம்.

அதுக்காக டூப்ளிகேட்னு நீங்களே முடிவு பண்ணி தூக்கிப் போட்ராதீங்க. சீல் வெச்சு அனுப்புங்க.

தாத்தா காலத்துப் புலி மண்டை பங்களா சொவத்துல மாட்டியிருக்கு, பிரச்சினையா?

ஓனர்ஷிப் சர்டிஃபிகேட் இருக்கான்னு முதல்ல பீரோவைத் தேடுங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேணும், 2003-ல கூட அறிவிச்சுக்கங்கன்னு ஆறு மாசம் அவகாசம் குடுத்தாங்க. இல்லேன்னா வக்கீலைப் பாத்துட்டு ரேஞ்ச் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருங்க, விக்க மட்டும் கெளம்பாதீங்க. அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்குற மிருகம்னா (புலி, சிறுத்தை மாதிரி) கொறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் ஜெயில், 25,000-க்குக் கொறையாத அபராதம். கைல இருந்தா, அது சட்டப்படி வந்ததுன்னு நிரூபிக்க வேண்டியது வெச்சிருக்குறவர் பொறுப்பு, அதையும் கவனிங்க.

காட்டுப் பக்கம் நடக்குறப்ப மண்டை ஓடு கண்ணுல பட்டா?

எடுக்காதீங்க. மேல, கீழ, ரெண்டு பக்கம், பல்லு கிட்டக்கன்னு ஃபோட்டோ எடுங்க, பக்கத்துல ஸ்கேல் இல்லேன்னா ஒரு நாணயம் வைங்க, மொபைலை ரொம்பக் கிட்டக் கொண்டு போகாதீங்க, மூக்குப் பக்கம் பெருசாத் தெரிஞ்சு அளவு தப்பாயிரும். எடத்தைக் குறிச்சுக்கிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்க. ஆசைல வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா நீங்கதான் கேஸ்.

எனக்கும் கத்துக்கணும், புலி மண்டைக்கு எங்க போறது?

ஆட்டுத்தலை போதும். சும்மா சொல்லல, கை பழகுறதுக்கு அதை விட நல்லது இல்ல. கறிக்கடைல சொல்லும்போதே மூளைக்காக ரெண்டாப் பொளந்துராதீங்கன்னு சொல்லிருங்க, பழக்க தோஷத்துல ஒரே போடா போட்டுருவாங்க, எனக்கு முதல் மூணு தலை அப்படித்தான் போச்சு. வேக வெச்சு, கறியைத் தின்னுட்டு, எலும்பை ஒரு வாரம் தண்ணில ஊறப் போட்டு, காய வெச்சு, அதே ஏழெட்டு அளவை இன்னைக்கு ஒரு தடவை, ரெண்டு நாள் கழிச்சு பழைய நம்பரைப் பாக்காம இன்னொரு தடவை எடுங்க. எனக்கு முதல் தடவை கன்ன அகலம் மட்டும் 3 மி.மீ. தள்ளி வந்துச்சு. ஊறப் போடுற வாளியை மட்டும் மொட்டை மாடில வைங்க, நாத்தம் தெருமுனை வரைக்கும் போகும்.